கண்ணுக்குத் தெரியாத பூதத்துக்கு எதற்குப் பெயின்ட்?

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். கை கால் கிடையாது, முகம் கிடையாது, மூளை என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. பாதாளச் சுரங்கத்தின் நடைபாதையை அடைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வரும். வழியில் கிடக்கும் எலி, பிணம், அசந்து நிற்கும் வீரன் என எதிர்ப்படுவதையெல்லாம் உள்ளே இழுத்துக் கரைத்துவிடும். எலும்பும் நாணயமும் வாளும்தான் மிஞ்சும். நுங்குச் சுளை போன்ற அதன் உடலுக்குள் அவை மிதந்தபடியே ஊர்வலம் போகும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் இதற்கு ஜெலாட்டினஸ் க்யூப் என்று பெயர். நெருப்புக் கக்கும் டிராகன்கள் மலிந்த அந்த விளையாட்டில், ஆட்டக்காரர்கள் அரை நூற்றாண்டாகச் சிரித்துக்கொண்டே பயப்படும் பூதம் இதுதான்.

இதன் பிறப்பே வேடிக்கையானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வசித்த கேரி கைகாக்ஸும், அவருடைய கூட்டாளி டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-ல் வெளிவந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தான். சுரங்கங்களின் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைவது அன்றைய வழக்கம்; ஒரு கட்டத்துக்குப் பத்தடி, நடைபாதையின் அகலம் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைத் தாளிலிருந்து அப்படியே மேலே தூக்கி உயிர் கொடுத்தால் கிடைப்பது இந்தக் கனசதுரம். அதே காலத்தில் ஹாங்காங்கில் தயாரான மலிவு விலைப் பிளாஸ்டிக் பொம்மைகளையும் கைகாக்ஸ் கடையில் வாங்கிவந்து ஆட்டத்தில் இறக்கிவிட்டார். இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைத் தலைக் கரடி ஆகியவை அந்தப் பொம்மைகளைப் பார்த்து உருவானவை. அவற்றுக்குப் பொம்மை முதலில், கதை பிறகு. கனசதுரத்துக்கு நேர்மாறு: கதை முதலில் வந்துவிட்டது, அதற்கு உருவம் செய்யும் தலைவலி பிறகு வந்தது.

நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு ஓரளவு பழக்கம். தொடக்கத்திலேயே நான்கு சிறுவர்கள் வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து ஆடுவது இதைத்தான். ஒருவர் கதை சொல்வார். அவர் டஞ்சன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். அடி விழுந்ததா, தப்பித்தோமா என்பதைப் பகடை சொல்லும். வாயால் மட்டுமே ஆடிவிடலாம். ஆனாலும் பலர் கட்டம் போட்ட விரிப்பை மேசையில் விரித்து, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உருவங்களை நிறுத்தி ஆடுகிறார்கள். அந்த உருவங்களுக்குத்தான் மினியேச்சர் என்று பெயர். விரிப்பில் ஓர் அங்குலம் என்றால் கதையில் ஐந்தடி. ஆகவே பத்தடிப் பூதம் மேசைமேல் இரண்டு அங்குலக் கட்டி.

இந்த உருவங்களுக்கு மெல்லிய பிரஷ்ஷால் வண்ணம் தீட்டுவது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் இதற்கென்றே 'கோல்டன் டீமன்' என்ற போட்டியை 1987-ல் தொடங்கியது. பொம்மையும் பெயின்டும் விற்றே அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு தகவலையாவது கவனிக்கலாம்.

இந்தக் கலையில் கைதேர்ந்தவர்களையும் ஜெல்லிக் கனசதுரம் திணறடிக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் பூதத்துக்கு எந்த நிறத்தைப் பூசுவது? சந்தை சொல்லும் பதில் எளிது: பூசவே வேண்டாம். விஸ்கிட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்து விற்கின்றன. முப்பரிமாண அச்சுப்பொறியை வீட்டில் வைத்திருப்பவர்கள் தெளிவான ரெசினில் தாங்களே அச்சிட்டுக்கொள்கிறார்கள். பெட்டியைப் பிரித்தோமா, மேசையில் வைத்தோமா, வேலை முடிந்தது.

முடியவில்லை. தெளிவான பிளாஸ்டிக் கட்டியை மேசையில் வைத்தால் அது பிளாஸ்டிக் கட்டியாகத்தான் தெரிகிறது, பூதமாகத் தெரிவதில்லை. மற்ற எந்த மினியேச்சரையும்விட இதற்குத்தான் வண்ணம் அவசியம். எங்கே பூசுவது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கும் இதில்தான் கடினம்.

தெளிவான பொருள் ஒன்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முழுக்கத் தெளிவாக இருந்தால் அது தெரியவே கூடாது. குவளையும் குளத்து நீரும் ஜன்னல் கண்ணாடியும் நம் கண்ணில் படுவதற்குக் காரணம், அவை ஒளியைக் கொஞ்சம் வளைக்கின்றன, கொஞ்சம் திருப்பி அனுப்புகின்றன. காற்றின் ஒளிவிலகல் எண் 1. கண்ணாடியும் பெரும்பாலான தெளிவான பிளாஸ்டிக்குகளும் 1.5-ஐ ஒட்டி. இந்த வித்தியாசத்தால் நேராக விழும் ஒளியில் சுமார் நான்கு சதவீதம் பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. கண்ணாடியின் பளபளப்பு என்று நாம் சொல்வது அந்த நான்கு சதவீதத்தைத்தான். வித்தியாசம் கூடினால் பொருள் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, அதைச் சுமக்கும் அக்ரிலிக் பசைக்கு 1.5. இந்தப் பெரிய இடைவெளியால் பெயின்டுக்குள் நுழையும் ஒளி துகளுக்குத் துகள் மோதிச் சிதறி வெண்மையாக வெளியே வருகிறது. மினியேச்சர் தீட்டுகிறவர்கள் முதல் வேலையாக அடிக்கும் பிரைமர் செய்வதும் இதைத்தான். கண்ணாடிக் கட்டிமேல் ஒரு தடவை பிரைமர் அடித்தாலே போதும், பூதம் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும்.

இந்தக் கணக்கை நாவலாக எழுதியவரும், பொம்மைப் படைகளை வைத்து ஆடுவதற்கு விதிநூல் எழுதியவரும் ஒரே ஆள் என்பது சுவையான தகவல். எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய 'தி இன்விசிபிள் மேன்' நாவலில், கிரிஃபின் என்ற விஞ்ஞானி தன் உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றுக்குச் சமமாக்கி மறைந்துபோகிறான். பொடித்த கண்ணாடி காற்றில் வெள்ளையாகத் தெரிவதையும், தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய மறைந்துவிடுவதையும் அவன் உதாரணமாக எடுத்துச் சொல்கிறான். இதே வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் அணிவகுக்க வைத்து, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுக்கான விதிகள் அதில் உள்ளன. மினியேச்சர் போர் விளையாட்டின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. இரண்டு புத்தகங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கண்ணாடிப் பூதத்துக்குத் தாத்தா அவர்தான் என்று சொல்லத் தோன்றும்.

வெல்ஸின் கதையில் ஓர் ஓட்டை உண்டு. சோவியத் அறிவியல் எழுத்தாளர் யாகோவ் பெரெல்மான் அதை எடுத்துக்காட்டினார். அவருடைய 'பொழுதுபோக்கு பௌதிகம்' மாஸ்கோவிலிருந்து தமிழிலும் வந்து பலரின் பள்ளிப் பருவத்தில் இடம்பிடித்த நூல். கண் பார்க்க வேண்டுமானால் விழித்திரை ஒளியை உறிஞ்சியாக வேண்டும். முழுக்கத் தெளிவான மனிதன் முழுக் குருடனாகத்தான் இருப்பான். கடலில் வாழும் தெளிந்த உடல் உயிரினங்கள் பலவற்றில் கண் மட்டும் கறுப்புப் புள்ளியாக நிற்பது இதனால்தான். குடலும் அப்படியே. தின்றது செரிக்கும்வரை அதை மறைக்க வழியில்லை. மத்திய அமெரிக்காவின் கண்ணாடித் தவளை, தூங்கும்போது சிவப்பணுக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கல்லீரலுக்குள் பதுக்கிவைத்துத் தன்னைத் தெளிவாக்கிக்கொள்கிறது என்று 2022-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கல்லீரலையும் குடலையும் மறைக்க, கண்ணாடி போல ஒளி தெறிக்கும் உறை தனியாகத் தேவைப்படுகிறது. கைகாக்ஸின் பூதத்துக்குக் கண் இல்லை என்பது தற்செயலாக இருந்தாலும் பொருத்தம்தான். அதற்கு இருப்பது வயிறு மட்டும். ஆகவே அந்த வயிற்றில் கிடப்பதுதான் தீட்டுகிறவருக்குக் கிடைக்கும் முதல் பிடி.

உள்ளே என்ன வைக்கிறார்கள்? ஒரு மண்டையோடு, விலா எலும்புகள், ஒரு கேடயம், சிதறிய நாணயங்கள், பெரும்பாலும் இவ்வளவுதான். கொஞ்சம் யோசிப்பவர்கள் செரிமானத்தின் வரிசையைக் காட்டுகிறார்கள். முன்பக்கம் இப்போதுதான் மாட்டிக்கொண்ட வீரன், துணியும் தோலும் முழுசாக. நடுவில் பாதி கரைந்தவன். பின்பக்கம் வெறும் எலும்பு. பூதம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதுகூட இதனால் புரிந்துவிடுகிறது. முகமில்லாத கட்டிக்கு முன்னும் பின்னும் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

திடக் கட்டியாக ரெசினை ஊற்றி அதற்குள் எலும்புக்கூட்டைப் பதிக்கும்போது பௌதிகம் மறுபடி குறுக்கே வருகிறது. பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்புதான். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள பொருளில் மாறுநிலைக் கோணம் சுமார் 42 பாகை. கனசதுரத்தின் முன்முகம் வழியாகப் பார்க்கும் பார்வைக் கோடு உள்ளே எவ்வளவு சாய்ந்தாலும் 42 பாகையைத் தாண்டாது. அப்படியானால் பக்கச் சுவரை அது 48 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில்தான் தொட முடியும். விளைவு, முன்முகம் வழியாகப் பார்க்கிறவர் பக்கச் சுவரைத் தாண்டி வெளியே பார்க்கவே முடியாது. அந்தச் சுவர் கண்ணாடியாகி, உள்ளே இருப்பதைத் திருப்பிக் காட்டும். ஒரு மண்டையோடு வைத்த இடத்தில் இரண்டு மூன்று தெரியும். அடிப்பக்கமும் இதே கதைதான்: கட்டிக்கும் மேடைக்கும் இடையில் மெல்லிய காற்றிடைவெளி இருந்தால் அடிப்பகுதி வெள்ளித் தகடு போல மின்னும். அடிமுகத்தில் நேரடியாகக் கறுப்பு அல்லது கல் நிறப் பெயின்டைப் பூசிவிட்டால் காற்று வெளியேறி, மினுமினுப்பும் அடங்கும். வண்ணம் வேண்டாம் என்று விற்கப்படும் கட்டிக்கு முதல் பூச்சு விழ வேண்டிய இடம் யார் கண்ணிலும் படாத அதன் அடிவயிறு.

உள்ளீடற்ற கட்டியில் இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய சுவர்கள் ஜன்னல்போல நிற்கும். உள்ளே வைத்தது திரிபில்லாமல் தெரியும். மலிவு, எடை குறைவு, ஆட்டத்தின்போது உள்ளே உருவத்தை மாட்டவும் எடுக்கவும் வசதி. ஆனால் அதைப் பார்த்தால் மீன் இல்லாத மீன்தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. கனமும் பிசுபிசுப்பும் அதில் வருவதில்லை.

இந்த வேறுபாட்டை வைத்துக் கலை உலகமே ஒரு சச்சரவில் இறங்கியதுண்டு. லியனார்டோ டா வின்சி தீட்டியதாகச் சொல்லப்படும் 'சால்வேட்டர் முண்டி' ஓவியம் 2017-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 45 கோடி டாலருக்கு விலைபோனது. அதில் இயேசுவின் கையில் இருக்கும் பளிங்கு உருண்டை, திடப் பளிங்காக இருந்தால் பின்னால் உள்ள ஆடையின் மடிப்புகளைத் தலைகீழாகப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். காட்டவில்லை. ஒளியியலைக் கரைத்துக் குடித்த லியனார்டோ இப்படிப் பிழை செய்வாரா என்று கேள்வி எழுந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் கணினியில் அந்தக் காட்சியை உருவாக்கிப் பார்த்து, உருண்டை உள்ளீடற்றதாக இருந்தால் ஓவியத்தில் உள்ளபடியே தெரியும் என்றார்கள். லியனார்டோவைக் காப்பாற்றிய விளக்கம் ஓவியத்துக்கு அழகு கூட்டியதா என்பது வேறு விஷயம். வெற்று உருண்டையும் வெற்றுக் கட்டியும் சரியாகவே இருக்கலாம்; பார்க்கிறவர் மனதில் பளிங்கு என்ற உணர்வை அவை எழுப்புவதில்லை.

திடக் கட்டி செய்கிறவர்களின் பட்டறை நுணுக்கங்கள் தனிப் பாடம். எப்பாக்ஸி ரெசின் இறுகும்போது சூடாகும். தடிமனாக ஒரே மூச்சில் ஊற்றினால் சூடேறி விரிசல் விடும், குமிழ் தள்ளும். அதனால் அடுக்கடுக்காக ஊற்றுகிறார்கள். ஓர் அடுக்கு பாதி இறுகியதும் அதன்மேல் வாளையும் எலும்பையும் கிடத்தி அடுத்த அடுக்கு. எலும்புக்கூட்டின் இடுக்குகளில் காற்று தங்காமலிருக்க முன்கூட்டியே வார்னிஷ் பூசவேண்டும். பதிக்கும் உருவத்தை வழக்கத்தைவிட வெளிர் நிறத்தில் தீட்டவேண்டும். ரெசினில் நனைந்ததும் நிறம் ஒரு படி இருண்டுவிடும். ஈரத்துணி காய்ந்த துணியைவிடக் கறுத்துத் தெரிகிற அதே காரணம். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்: இறுகாத ரெசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது.

நம் ஊரிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். கல்யாண மாலையை உலர்த்தி ரெசினில் பதித்துச் சட்டம் போட்டுத் தரும் தொழில் சில ஆண்டுகளாகச் சூடுபிடித்திருக்கிறது. ஆனால் மாலைக்காரருக்குக் குமிழ் எதிரி. பூதம் செய்கிறவருக்கு அதே குமிழ் வரப்பிரசாதம். வீரனின் வாயிலிருந்து கிளம்பி மேலே செல்லும் நாலு குமிழ் போதும், அவன் இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிடும்.

அதன் பிறகு வெளிப்புறம். இங்கே பயன்படுவது சாதாரணப் பெயின்ட் அல்ல. ஜப்பானின் தமியா நிறுவனம் விற்கும் 'கிளியர்' வகை வண்ணங்கள், அக்ரிலிக் இங்க், கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-ல் கொண்டுவந்த 'கான்ட்ராஸ்ட்' வகை ஆகியவை அடியில் இருப்பதை முழுக்க மறைத்துவிடுவதில்லை; ஒளியை வடிகட்டி நிறம் மட்டும் ஏற்றுகின்றன. பச்சையோ நீலமோ மெல்லியதாக, மூலைகளிலும் அடிப்பாகத்திலும் கொஞ்சம் அழுத்தமாக, நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல். விளிம்புகளில் மட்டும் வெளிர்ப்பச்சைக் கோடு. மேல்முகத்தில் ஒரு பக்கம் சின்ன வெள்ளைத் தீற்றல். எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பான வார்னிஷ். மினியேச்சர் தீட்டுகிறவர்கள் பழக்கதோஷத்தில் கடைசியாக அடிக்கும் மேட் வார்னிஷ் இங்கே விஷம். அதன் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்துக் கட்டியைப் பனிமூட்டமாக்கிவிடும். முப்பரிமாண அச்சில் வந்த கட்டி மங்கலாக இருப்பதற்கும் இதே காரணம்தான். மேற்பரப்பின் வரிவரியான படிகளை உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தாளை நைசாக மாற்றிக்கொண்டே போய், முடிவில் பளபளப்பு வார்னிஷ் பூசினால் மூட்டம் விலகும்.

வெறும் கண்ணாடிக்கும் வண்ணம் தேவை என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே அசைக்க முடியாத சாட்சி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் ரூடால்ஃபும் கண்ணாடியால் கடல் உயிரினங்களைச் செய்தார்கள். ஜெல்லிமீனைச் சாராயத்தில் ஊறவைத்தால் நிறமும் வடிவமும் போய்விடும் என்பதால் உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் அவர்களிடம் மாதிரிகள் வாங்கின. 1853-ல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது காற்றில்லாமல் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட, அங்கே பார்த்த ஜெல்லிமீன்களை லியோபோல்ட் வரைந்துவைத்துக்கொண்டார். அவர்கள் கையில் இருந்ததோ கண்ணாடி. உலகிலேயே தெளிவான பொருள்களில் ஒன்று. அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெல்லிய வண்ணம் பூசினார்கள், எனாமல் ஏற்றினார்கள், தேவைப்பட்ட இடத்தில் கம்பியையும் காகிதத்தையும் சேர்த்தார்கள். டப்ளின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தொகுப்பில் மட்டும் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் படத்தில் பார்த்தாலும் போதும், எது கண்ணாடி, எது பூச்சு என்று பிரிக்கத் தோன்றாது. நீரில் மிதக்கும் உயிராகத்தான் தெரியும்.

இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு வழி உண்டு, அதுதான் உயர்ந்த வித்தை. ஒளி புகாத சாதாரண உருவத்தின்மேல் தெளிவு இருப்பதுபோன்ற மாயையை வெறும் பெயின்டால் உண்டாக்குவது. ஈயமும் வெள்ளீயமும் கலந்து மினியேச்சர் வார்த்த காலத்தில் இதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. இதன் சூட்சுமம் ரத்தினக் கல்லைத் தீட்டும் பழைய விதி. ஒளி மேலிருந்து விழும்போது கல்லோ மரமோ மேல்பக்கம் வெளிச்சமாகவும் கீழ்ப்பக்கம் இருட்டாகவும் இருக்கும். தெளிந்த பொருளில் அது தலைகீழ்: ஒளி மேலே நுழைந்து உள்ளே பயணித்துக் கீழ்ப்பக்கத்தில் சேர்கிறது. ஆகவே மேல்பக்கத்தை இருட்டாகவும் கீழ்ப்பக்கத்தை வெளிச்சமாகவும் தீட்டி, இருண்ட மேல்பக்கத்தில் ஒரு துளி வெள்ளை வைக்கவேண்டும். வாளின் பிடியில் பதித்த மாணிக்கம் ஆனாலும், 17-ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் தீட்டிய ஒயின் கோப்பை ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். கிளாஸ் தம் கோப்பைமேல் ஜன்னலின் பிம்பத்தைக் குட்டியாக வரைந்துவைப்பார். அந்த ஜன்னல் ஓவியத்துக்கு வெளியே இருக்கும் அறையையே உள்ளே கொண்டுவந்துவிடும்.

பேய்ப் படைகளைத் தீட்டுகிறவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் 'நைட்ஹான்ட்' பேய்கள் முழுக்க ஒளி புகாத பிளாஸ்டிக். வெள்ளை பிரைமருக்கு மேல் 'ஹெக்ஸ்ரெய்த் ஃப்ளேம்' போன்ற நீர்த்த பச்சை வண்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டால் அங்கியின் கீழ்ப்பகுதி புகையாகக் கரைவது போலத் தோன்றும். அதையே தெளிவான பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்த பேய்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உண்மையாகவே ஒளி ஊடுருவும் பேய் மிட்டாய் போலவும், ஊடுருவாத பேய் பேய் போலவும் இருக்கிறது.

ஆனால் கனசதுரத்தில் இந்த மாயைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டியின் முகத்தில் பின்னால் உள்ள கல் தரையையும் மிதக்கும் மண்டையோட்டையும் தத்ரூபமாக வரைந்துவிடலாம். ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் அற்புதம். போட்டிக்கும் புகைப்படத்துக்கும் அது போதும். மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு மட்டும் பூதம், மற்ற நால்வருக்கும் கோணலாக வரைந்த பெட்டி. ஆகவே ஆட்டத்துக்கு ரெசின், அலமாரிக்கு மாயை என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டிலும் பிரஷ்ஷுக்கு வேலை இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆட்டத்துக்குள்ளேயே இன்னொரு முரண்பாடு இருக்கிறது. இந்தப் பூதத்தின் பலமே கண்ணில் படாமலிருப்பது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி அசையாமல் நிற்கும் கனசதுரத்தைக் கண்டுபிடிக்கப் பகடையில் குறைந்தது பதினைந்து தேற வேண்டும். தேறாதவர் நேராக அதன் உடலுக்குள்ளேயே நடந்துபோய்விடுவார். வாரக்கணக்கில் உழைத்துத் தீட்டிய கட்டியை டஞ்சன் மாஸ்டர் எடுத்து வைத்த நொடியிலேயே அந்த ரகசியம் போய்விடும். விவரமானவர்கள் முதலில் வெறும் எலும்புக்கூட்டையும் வாளையும் மட்டும் நடைபாதையில் வைக்கிறார்கள். வாளை எடுக்க எவனாவது ஆசைப்பட்டு அந்தக் கட்டத்துக்குள் கால் வைத்தபிறகு, மேலிருந்து கட்டியைக் கவிழ்க்கிறார்கள். மேலே வெற்றுக் கட்டியைக் குறை சொன்னோம். இந்த ஒரு தருணத்துக்கு அதுதான் சரி. 2023-ல் வந்த 'ஹானர் அமங் தீவ்ஸ்' திரைப்படம் இதைத் திருப்பிப் போட்டது. அதில் நாயகர் கூட்டம் தப்பிப்பதற்காகத் தெரிந்தே கனசதுரத்துக்குள் குதிக்கிறது. திரையில் ஒளியும் பூதமும் சேர்ந்தே நகர்வதால் கணினி வரைகலைக்கு அது சுலபம். மேசையில் பூதம் நகராது. பார்க்கிறவர்தான் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

வண்ணமே வேண்டாம் என்பவர்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி. எப்பாக்ஸி ரெசின் வெயில் பட்டால் மஞ்சளிக்கும். ஜன்னலோர அலமாரி அதை விரைவுபடுத்தும். பாலிஸ்டைரீனும் பிவிசியும் நாளாக ஆகப் பழுப்பேறுபவைதான். புத்தம் புதிதாகப் பளிச்சென்று வாங்கிவைத்த நிறமற்ற கட்டி சில ஆண்டுகளில் பழைய செல்லோ டேப்பின் நிறத்துக்கு வந்துவிடும். அதைத் திருப்ப வழியில்லை. அனுபவசாலிகள் இதை முன்பே எதிர்பார்த்து, ஊற்றும்போதே ரெசினில் ஒரு சொட்டுப் பச்சை இங்க் கலந்துவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு மஞ்சளித்தாலும் அந்தப் பச்சை அதை விழுங்கிக்கொள்ளும். பூதம் இன்னும் கொஞ்சம் அழுகிய மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.